சொந்தக் காரை மாற்றுவதா, ஆர்எஸ் வாங்குவதா: ஆக்டேவியா 1.8 வைத்திருப்பவருக்கு ஒரு பதில்

உங்களிடம் 2018ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் இருக்கிறது. வார நாட்களில் கோவை அவிநாசி சாலையில் அலுவலகத்துக்கும், சில ஞாயிறுகளில் குன்னூர் அல்லது வால்பாறை மலைப்பாதைக்கும், எப்போதாவது செட்டிபாளையத்தில் உள்ள கார் பந்தயத் தளமான கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் இதே காரைத்தான் எடுத்துச் செல்வதாகச் சொல்கிறீர்கள். இதையே ஸ்டேஜ் 2 வரை (என்ஜின் மென்பொருளோடு சில பாகங்களையும் மாற்றிச் சக்தியைக் கூட்டும் நிலை வரை) மாற்றிக்கொள்வதா, அல்லது விற்றுவிட்டு, 2020இல் இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டும் வந்த, ஆக்டேவியாவின் வேகமான சிறப்புப் பதிப்பான ஆர்எஸ் 245 ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடிப்பதா என்பது உங்கள் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை என்று நீங்கள் உணர்வது டயரிலும் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் இருந்தால், இருக்கிற காரையே செம்மைப்படுத்திக்கொள்ளுங்கள். குறை என்ஜினின் சக்தியில்தான் என்றால் ஆர்எஸ்ஸை வாங்குங்கள். 1.8 ஆட்டோமேட்டிக்கின் சக்தியை ரீமேப் செய்து, அதாவது என்ஜின் மென்பொருளை மாற்றி, கூட்டும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கான காரணம் என்ஜினில் இல்லை, கியர்பாக்ஸில் இருக்கிறது.

உங்கள் காரில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈஏ888 வரிசையைச் சேர்ந்த 1,798 சிசி டர்போ என்ஜின். 180 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தியும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்று விசை) தருகிறது. அதோடு இணைந்திருப்பது டிக்யூ200 எனப்படும் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இது எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்ச்சுகளைக் கொண்டது. இதற்கு நிறுவனம் வகுத்த டார்க் வரம்பு அதே 250 நியூட்டன் மீட்டர். இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. இதே 1.8 என்ஜினோடு இந்தியாவில் விற்கப்பட்ட ஸ்கோடா சூப்பர்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேனுவல் கியர் காரில் இந்த என்ஜின் 320 நியூட்டன் மீட்டர் தந்தது. டிஎஸ்ஜி காரில் 250 மட்டுமே தந்தது. அதாவது கியர்பாக்ஸ் தாங்கும் இடத்தில் 320 வரை போன நிறுவனம், தாங்காத இடத்தில் 250இல் நிறுத்திக்கொண்டது. "கம்பெனி வேண்டுமென்றே சக்தியை அடக்கி வைத்திருக்கிறது, நாங்கள் அதைத் திறந்து விடுகிறோம்" என்று ரீமேப் செய்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. என்ஜினில் இடம் இருக்கிறது. அந்த சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில்தான் இடம் இல்லை.

ஸ்டேஜ் 1 ரீமேப்பில் எந்த உதிரிபாகமும் மாறுவதில்லை. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி, டர்போவின் அழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் கூட்டி, பற்றவைப்பு நேரத்தையும் மாற்றுகிறார்கள். இந்த என்ஜினில் அதன் பலனாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 220 முதல் 240 பிஎஸ் வரையிலான சக்தியும் 300ஐத் தாண்டிய டார்க்கும். ஓட்டிப் பார்த்தால் மனம் மயங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 2,000 சுற்றுகளுக்கு அருகிலேயே கார் பாய்கிறது, நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட ஆகும் நேரம் தெளிவாகக் குறைகிறது. ஆனால் டர்போ என்ஜினில் டார்க் முழுவதும் இப்படிக் கீழ்ச் சுற்றுகளிலேயே வந்து சேர்வதால், கிளட்ச்சின் மேல் விழும் சுமையும் அங்கேதான் மிக அதிகம்.

இதை நகரப் போக்குவரத்தோடு சேர்த்துப் பாருங்கள். மாலை ஆறரை மணிக்கு ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, உலர் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. ஈரக் கிளட்ச்சில் அந்தச் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும். இதில் சூடு கிளட்ச் தட்டின் மீதே தங்கிவிடுகிறது. முதலில் தெரியும் அடையாளம், முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் உணரப்படும் ஒரு மெல்லிய நடுக்கம். பிறகு ரிவர்ஸில் மேடேறும்போது அதே நடுக்கம் பலமாக வரும். கடைசியாக, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சுற்றுமானி முள் ஏறுகிறது, கார் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ரீமேப் செய்த எல்லா காரும் இந்த நிலைக்கு வருவதில்லை. நெடுஞ்சாலையே அதிகம் பார்க்கும், நிதானமான காலோடு ஓட்டப்படும் கார்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் ஓட்டமோ, வாரத்தில் ஐந்து நாள் நெரிசலும் மீதி நாளில் கொண்டை ஊசி வளைவும்தான். உலர் கிளட்ச்சுக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை. கிளட்ச் பேக்கையும், கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டையும் சேர்த்து மாற்றும் நிலை வந்தால், அந்தச் செலவு ரீமேப்புக்குக் கொடுத்த பணத்தைப் போலப் பல மடங்காக இருக்கும்.

ஸ்டேஜ் 2 என்றால் டர்போவுக்கு அடுத்திருக்கும் புகைக்குழாயான டவுன்பைப்பையும், காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்கையும், பெரும்பாலும் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் மாற்றுவது. உங்கள் 1.8இல் உள்ள டர்போ, ஆர்எஸ்ஸில் உள்ளதைவிடச் சிறியது. நடுச் சுற்றுகள் வரை அது நன்றாகவே மூச்சு விடும். மேல் சுற்றுகளில் எவ்வளவு அகலமான குழாய் வைத்தாலும் அதனால் அதற்கு மேல் காற்றைத் தள்ள முடியாது. ஆகவே ஸ்டேஜ் 2வுக்குச் செலவு செய்தவர் ஓராண்டுக்குள் பெரிய டர்போவைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்; டர்போ மாறியதும் கிளட்ச்சைப் பலப்படுத்த வேண்டும் என்கிறார்கள்; அதன் பிறகு பிரேக். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் வந்து நிற்கும் இடம் தொழிற்சாலை ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட ஆர்எஸ்தான். ஒரு வேறுபாடு உண்டு. ஆர்எஸ்ஸில் அந்தப் பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. உங்கள் காரில் அவற்றை முதன்முதலாகச் சேர்த்துச் சோதிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆர்எஸ் 245இல் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 1,984 சிசி டர்போ என்ஜின், 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட நிறுவனம் சொல்லும் நேரம் 6.6 விநாடி, உச்ச வேகம் 250 கி.மீ.யில் மின்னணு முறையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. பிரேக் பெரியது, சஸ்பென்ஷன் தாழ்வானது, விறைப்பானது. இவற்றையெல்லாம்விட நான் மேலாக மதிப்பது அதன் முன் அச்சில், சக்தியை இரு சக்கரங்களுக்கும் பங்கிடும் மின்னணு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

இது ஏன் முக்கியம் என்பதை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் புரிந்துகொள்ளலாம். வளைவின் நடுவில் காரின் எடையில் பெரும்பகுதி வெளிப்புறச் சக்கரங்களின் மேல் சாய்ந்திருக்கிறது. உட்புற முன் சக்கரம் இலகுவாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் அந்த இலகுவான சக்கரம் சுழன்று சக்தியை வீணாக்கும்; கார் வளைவின் வெளிப்பக்கம் தள்ளப்படும். உங்கள் காரின் மின்னணு அமைப்பு, சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்துச் சமாளிக்கப் பார்க்கிறது. அது 180 பிஎஸ்ஸுக்குப் போதும். ரீமேப்புக்குப் பிறகு வரும் டார்க்குக்கு அதே பிரேக் ஓயாமல் வேலை செய்து சூடேறும், பேடும் சீக்கிரம் தேயும். ஆர்எஸ் 245இல் உள்ள அமைப்போ, பல தட்டுக் கிளட்ச் ஒன்றை அழுத்தி, பிடிமானம் உள்ள வெளிப்புறச் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகிறது. ஓட்டுபவருக்கு இது ஒரே ஒரு விதமாகத் தெரியும்: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது காரின் மூக்கு வெளியே போகாமல் உள்ளே இழுக்கிறது. எண்களை ரீமேப் தரும். இந்த நடத்தையைத் தராது.

ஆனால் சிறப்புப் பதிப்பு என்ற பெயரே தரத்துக்குச் சான்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்எஸ் என்ற அதே பெயரின் இந்திய வரலாறே அதற்கு எதிரான சாட்சி. 2004 வாக்கில் இங்கே வந்த முதல் ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் 1.8 டர்போ என்ஜின் 150 பிஎஸ் மட்டுமே தந்தது; ஐரோப்பாவில் அதே பெயருள்ள கார் 180 பிஎஸ் தந்தது. அடுத்த தலைமுறை ஆக்டேவியா இங்கே லாரா என்ற பெயரில் விற்றது; 2011இல் வந்த லாரா விஆர்எஸ்ஸின் கதை இன்னும் தெளிவானது. சாதாரண லாரா 1.8 டிஎஸ்ஐயில் இருந்த அதே 160 பிஎஸ் என்ஜின்தான் அதிலும் இருந்தது. தோற்றமும் இருக்கைகளும் விறைப்பான சஸ்பென்ஷனும் மாறியிருந்தன. சக்தி ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அந்தக் காலத்தில் நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், சாதாரண லாரா மேனுவலை வாங்கி, நல்ல ஷாக் அப்சார்பரும் டயரும் போட்டு, மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். 2017இல் 230 பிஎஸ்ஸோடு வந்த ஆர்எஸ்ஸிலிருந்துதான் இந்தப் பெயருக்கு இங்கே உரிய பொருள் கிடைத்தது. ஆகவே எந்தச் சிறப்புப் பதிப்பைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றே: என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டிஃபரன்ஷியல் ஆகியவற்றில் எவை மாறியிருக்கின்றன? ஒன்றும் மாறவில்லை என்றால் நீங்கள் பணம் கொடுப்பது வண்ணத்துக்கும் பேட்ஜுக்கும்.

சிறப்புப் பதிப்பு எவ்வளவு ஆழமாகப் போக முடியும் என்பதற்கு எனக்கு எப்போதும் அளவுகோலாக இருப்பது 2003இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல். மொத்தம் 1,383 கார்கள். சாதாரண எம்3யின் 343 பிஎஸ் அதில் 360 ஆனது. அந்தப் பதினேழு பிஎஸ் பெரிய விஷயம் அல்ல. கூரை கார்பன் ஃபைபரில் செய்யப்பட்டது, பின் கண்ணாடி மெல்லியதாக்கப்பட்டது, டிக்கியின் தளம்கூட இலகுவான பலகையாக மாற்றப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோ குறைந்து எடை 1,385 கிலோவில் வந்து நின்றது. காற்று உள்ளே போகும் பெட்டி கார்பனில் புதிதாக வடிக்கப்பட்டது, ஸ்டீயரிங் விகிதம் விரைவானது. சாதாரண எம்3 வைத்திருப்பவர்கள் இன்றும் இந்தப் பாகங்களை ஒன்றொன்றாகத் தங்கள் காரில் பொருத்துகிறார்கள். அது அவர்களுக்குச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சிஎஸ்எல் இன்று சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டது. அதோடு, அவர்கள் பொருத்தும் ஸ்டீயரிங் பாகமோ காற்றுப் பெட்டியோ அந்தக் காரின் வேறு எந்தப் பாகத்தையும் அதன் வரம்புக்கு மேல் தள்ளுவதில்லை. உங்கள் நிலை இரண்டு வகையிலும் வேறு: ஆர்எஸ் 245 இன்னும் எட்டும் விலையில் கிடைக்கிறது, நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றமோ கியர்பாக்ஸின் வரம்பை முதல் நாளே தாண்டுகிறது.

பணக் கணக்குக்கு வருவோம். ஆர்எஸ் 245 புதிதாக வந்தபோது ஷோரூம் விலை 35.99 லட்சம் ரூபாய். 2025 அக்டோபரில் வந்த அடுத்த ஆர்எஸ் 265 பிஎஸ் தருகிறது. 100 கார்கள் மட்டுமே, விலை 49.99 லட்சம், எல்லாம் முன்பதிவிலேயே முடிந்துவிட்டன. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது 50 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 10 லட்சம்; காரை விற்கும்போது அந்தப் பத்து லட்சத்தை யாரும் தனியாக எண்ணித் தருவதில்லை. செகண்ட் ஹேண்ட் ஆர்எஸ்ஸின் முதல் நன்மை, இந்தச் சுமையை முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்டார் என்பதுதான். ஆனால் 200 கார்கள் நாடு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. உங்களுக்குக் கிடைப்பது மும்பைப் பதிவோ டெல்லிப் பதிவோ ஆக இருக்கலாம். வேறு மாநில வண்டியை இங்கே மறுபதிவு செய்ய, அந்த ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை இங்கே மீண்டும் கட்ட வேண்டும். அங்கே கட்டியதைத் திரும்பப் பெறும் வேலை விற்பவருடையதா, உங்களுடையதா என்று முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். டி.என். பதிவுள்ள காருக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டாலும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அதிகம் என்று சொல்லுங்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை நிற்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். 2016 இறுதியில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ இந்தியாவுக்கு 99 கார்களாக வந்தது. 192 பிஎஸ், மூன்று கதவு, விலை 25.99 லட்சம். அடுத்த ஆண்டே விலையை ஆறு லட்சம் அளவுக்குக் குறைத்துத்தான் மீதிக் கார்களை விற்க முடிந்தது. பின்னாளில் அதைத் தேடுவோர் பெருகியது உண்மைதான். ஆனால் முதலில் வாங்கியவருக்கு அது ஆறுதல் அல்ல. எனவே ஆர்எஸ்ஸை முதலீடாக எண்ணி வாங்காதீர்கள். மாற்றங்களுக்குச் செலவழித்த பணம் விற்கும்போது ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விடும், ஆர்எஸ்ஸுக்குக் கொடுத்த பணத்தில் கணிசமான பகுதி திரும்பி வரும் என்ற அளவுக்குத்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ரீமேப் செய்த டிஎஸ்ஜி காரைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். தெரியாதவர்கள் வாங்கவே தயங்குவார்கள்.

சட்டத்தைப் பலர் பேச்சுவாக்கில் கடந்து போகிறார்கள். நான் அப்படி விட மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தந்த தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஸ்டேஜ் 2வுக்காக, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இல்லாத டவுன்பைப்பைப் பொருத்தினால் மாசு விதிகளையும் மீறுகிறீர்கள். அந்தக் கார் உங்களுக்குப் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் மூச்சில் எதைக் கலக்கிறது என்பதும் எனக்கு முக்கியமான கேள்விதான். காப்பீட்டைப் பொறுத்தவரை, நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் உங்கள் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். இன்னொன்று, பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண வாகனக் காப்பீட்டில் அடங்காதவை. கரி ஸ்பீட்வேயில் நேரம் பார்த்து ஓட்டி மோதினால், மாற்றம் செய்த காரும் மாற்றாத ஆர்எஸ்ஸும் அந்த விஷயத்தில் ஒன்றுதான்.

வாரண்டி காலம் உங்கள் காருக்கு முடிந்திருக்கும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் குழுமத்தின் கணினிகளில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற பதிவு தங்கிவிடுகிறது. மாற்றப்பட்டது தெரிந்தால் டிடி1 என்ற குறியீடு அந்தக் காரின் பெயரில் நிறுவனத்தின் தரவில் ஏறிவிடும்.

இனி, காரை வைத்துக்கொள்ள முடிவெடுத்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பலருக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது பர்லியாறைத் தாண்டியதும் பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதுபோல் தோன்றுகிறதா? பேடு வாசனையும் சேர்ந்து வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்த ஆயிலில் நீராவிக் குமிழிகள் உண்டாகின்றன. பெடலை அழுத்தும்போது பேடுக்குப் பதிலாகக் குமிழிதான் அமுங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றுவதும், அதிகச் சூடு தாங்கும் பேடு போடுவதும் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. மலைப்பாதையில் இவை தரும் நம்பிக்கையை எந்த ரீமேப்பும் தராது. இறக்கத்தில் கியரை மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ நிறுத்தி, பாதி வேலையை என்ஜினிடம் விட்டுவிடுவதையும் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டயர். ஐந்தாறு ஆண்டு ஆன டயரில் தடம் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நல்ல விளையாட்டு வகை டயர் நான்கு போட ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகலாம், ஆனால் திருப்பத்திலும் பிரேக்கிலும் மழையிலும் ஒருங்கே மாற்றம் தெரிவது இந்த ஒரு செலவில்தான். நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள்ளேயே இருங்கள். அதன் பிறகு, தேய்ந்த ஷாக் அப்சார்பர்களை மாற்றி, புஷ்களைப் பார்த்து, நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். 1.8 டிஎஸ்ஐயின் பின்புறம் மல்டி லிங்க் சஸ்பென்ஷன் உடையது. விலை குறைந்த மாடல்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த அமைப்பை முழு நலத்தோடு வைத்திருந்தாலே, நீங்கள் புதிதாக வாங்கிய நாளில் உணர்ந்த கார் திரும்பி வரும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் காரைத் தாழ்த்துவதை நான் விரும்பவில்லை; நம் ஊர் வேகத்தடைகளில் அடி இடிப்பது ஒரு புறம், ஷாக் அப்சார்பரின் ஓட்டம் குறைந்து நல்ல சாலையிலும் கார் குதிக்கும் என்பது இன்னொரு புறம்.

இதையெல்லாம் செய்து இரண்டு மூன்று முறை மலையேறிய பிறகும், மேட்டில் என்ஜின் போதவில்லை என்று தோன்றினால், அப்போது ஆர்எஸ்ஸைத் தேடத் தொடங்குங்கள். பார்க்கப் போகும்போது சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஆர்எஸ் வாங்கிய பலர் அதையும் ரீமேப் செய்திருக்கிறார்கள். ஈரக் கிளட்ச் ஆகையால் அது உங்கள் காரைப்போல உடனே தவறாகிவிடாது, ஆனாலும் அதை மறைத்து விற்பவரிடம் வாங்கக்கூடாது. டிஃபரன்ஷியலுக்கு ஆயில் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். அதன் கிளட்ச் அமைப்புக்கெனத் தனி எண்ணெய் இருக்கிறது, பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, சர்வீஸில் பலரும் மறந்துவிடும் ஒன்று. நான்கு டயரும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையா, முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தாழ்வான கார் என்பதால் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். என்ஜினுக்குக் கீழுள்ள காப்புத் தட்டு கிழிந்திருந்தால் அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது என்று புரிந்துவிடும். முழுதாக இறக்குமதியான கார் ஆகையால் பம்பர், விளக்கு போன்றவை உடைந்தால் வரவழைக்க வாரக்கணக்கில் ஆகலாம். மோதல் பழுது பார்க்கப்பட்ட காரில் பாகங்கள் அசலா என்று கேட்பது அதனால்தான் இன்னும் முக்கியமாகிறது. ஓட்டிப் பார்க்கும்போது நேர்ச் சாலையில் வேகமெடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இறுக்கமான திருப்பத்தில் மெதுவாக நுழைந்து ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். மூக்கு உள்ளே இழுக்கிறதா என்பதை உங்கள் கையே சொல்லும்.

இது ஓரிரு மாதத்தில் முடிகிற வேலை அல்ல. சொற்பமான கார்களில் நல்ல ஒன்று விற்பனைக்கு வருவதற்கு நெடுநாள் காத்திருக்க நேரலாம். அதுவரை உங்கள் 1.8இன் மென்பொருளை யாரையும் தொட விடாதீர்கள், சர்வீஸ் ரசீதுகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யாத, கணக்கு ஒழுங்காக உள்ள 1.8 டிஎஸ்ஐயைத் தேடுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆர்எஸ்ஸுக்கான முன்பணத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்துவிடும்.